சுவரில் இருக்கும் சம்பளம்

பள்ளிக்கூடம் அவளுக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது. மூடிப் பன்னிரண்டு வருடமாகியும் அந்தப் பாக்கி பாக்கியாகவே நின்றது. தினமும் காலையில் முதல் சட்டையை மேசையில் விரிப்பாள். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் தண்ணீர் தெளிப்பாள். விரலை நாக்கில் தொட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைப்பாள். 'சுர்' என்று சத்தம் வந்ததும், எதிரே யார் நின்றாலும் சொல்லிவிடுவாள்: "நாலு மாசம். மறந்துடாதீங்க." நிற்பது தபால்காரராக இருக்கும், பால் போடுகிறவராக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. ஆனாலும் தாங்களே கடன்பட்டவர்கள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

சாவியக்கா என்றால் எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. எனக்குத் தங்கை வயதுதான். எல்லோரும் கூப்பிடுகிறபடி நானும் அக்கா என்று கூப்பிட்டேன். "உங்களுக்கு நான் அக்காவா? அப்போ எனக்கு முன்னாடி உங்க முடி ஏன் வெளுத்துச்சு?" என்றாள். என்னை அவள் "மொதலாளி" என்பாள். அந்தச் சொல்லில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதியை எப்போது எடுப்பாள் என்பது அன்றைக்கு வந்த துணியைப் பொறுத்தது.

பள்ளிக்கூடத்தில் அவள் ஆயா. பெருக்குவாள், மணி அடிப்பாள், அழுகிற பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவாள், காலையில் திறப்பாள், மாலையில் பூட்டுவாள். பிள்ளைகளெல்லாம் பஸ் ஏறித் தூரத்துப் பெரிய பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகு இங்கே வாத்தியார்கள் அதிகம், மாணவர்கள் குறைவு என்று ஆனது. ஒரு நாள் மூடிவிட்டார்கள். அன்று கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டவள் இன்னும் கழற்றவில்லை. காலர் தேய்க்கக் குனியும்போது சாவி வெளியே வந்து இஸ்திரிப் பெட்டியில் 'டிங்' என்று இடிக்கும். பேச்சை நிறுத்தாமல் அதை உள்ளே தள்ளிக்கொள்வாள்.

அந்தப் பூட்டு என் கடைப் பூட்டு. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மீசை முளைக்கும் முன்பே சிமெண்டு மூட்டை தூக்கினேன். மீசை நரைக்கும் முன்பே மூட்டை விற்கிற கடைக்குச் சொந்தக்காரன் ஆனேன். இந்தப் பக்கத்தில் எந்தக் கதவு நல்லபடியாகச் சாத்துகிறதோ, அதன் கீல் என் கடையில் வாங்கியது. எது கிறீச்சிடுகிறதோ, அது வேறு கடையில் வாங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு கேட்டு இவள் வந்தபோது கண்ணாடி அலமாரியில் இருந்ததைக் கொடுக்கவில்லை; உள்ளறையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து, "லாரி கட்டி இழுத்தாலும் வராது" என்று சொல்லிக் கொடுத்தேன். சொன்னது என் வாய். அந்த வாய்தான் பின்னால் என்னை மாட்டிவிட்டது. அதற்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் மூடிய பிறகு அவள் கேட்டுக்கு வெளியிலேயே இஸ்திரிக் கடை போட்டாள். மேலே ஒரு தார்ப்பாய்; பக்கத்துத் தையல் கடையிலிருந்து கரண்டு. மேசை மட்டும் தலைமையாசிரியருடையது. அதை எப்படி வெளியே இழுத்து வந்தாள் என்பதற்குச் சாட்சி இல்லை. "அடமானம். சம்பளம் வந்ததும் உள்ள போயிடும்" என்பாள். மேசையின் இழுப்பறையில் முன்பு பிரம்பு இருந்தது. இப்போது கலர் கலராக நூல் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம், ஒரு தினுசுத் தையல். காலரின் உள்பக்கம் ஒரு தையல் போட்டுவிட்டால் யார் சட்டை என்பது அவளுக்குத் தெரியும். என் வீட்டுக்குச் சிவப்பு. "கடைக்காரங்களுக்கெல்லாம் சிவப்புதான்" என்றாள். மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் ஏன் பச்சை என்று கேட்டேன். "அவரு கடனுக்கும் குடுப்பாரு" என்றாள்.

கசங்கலைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் முன்னால் நின்ற ஆளின் காலர் மடங்கியிருந்தது. நீவிவிட்டாள். அந்த ஆள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "திருடி, திருடி" என்று கத்திவிட்டார். இவள் அசரவில்லை. "உங்க பையில என்ன இருக்கப்போகுது, காலரைப் பாத்தாலே தெரியுதே" என்றாள். சிறுநீரகத்தில் கல் வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்க வந்தாள். என்னை நலம் விசாரிக்கும் முன் போர்வையை நான்கு பக்கமும் இழுத்துச் சரி செய்தாள். "படுத்திருக்கிற ஆளு கசங்கினா பரவால்ல, போர்வை கசங்கக் கூடாது." வலியிலும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் கல் நகர்ந்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு இருக்கிறாள். அதற்கும் ஒரு நாள் கூலி கேட்பாள் போலிருக்கிறது.

சனிக்கிழமை இஸ்திரி கிடையாது. கேட்டைத் திறந்து உள்ளே போய் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் பெருக்குவாள். சன்னலெல்லாம் துடைப்பாள். மாலையில் பூட்டிவிட்டு வருவாள். சம்பளம் தராதவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"பாக்கி வெச்சவங்க இடத்தைக் குப்பையா போட்டா, நாளைக்குக் குடுக்கிறப்ப பிடிச்சுக்குவாங்க மொதலாளி. நான் விட்டுத் தர மாட்டேன்."

"உள்ளே என்ன இருக்கு, அவ்வளவு துடைக்க?"

"என் சம்பளம் இருக்கு. செவத்துல."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. பள்ளிக்கூடம் மூடுகிற நிலைக்கு வந்தபோது, சுவரைப் பளிச்சென்று ஆக்கினால் பெற்றோர்கள் திரும்பி வருவார்கள் என்று பள்ளிக் கமிட்டிக்காரர்கள் நினைத்தார்கள். கையிலிருந்த பணத்தையெல்லாம் பெயிண்டில் போட்டார்கள். அதில்தான் அவளுடைய நான்கு மாதமும் போனது. பெயிண்டு என் கடையில் வாங்கியது, ரொக்கத்துக்கு. நீலம். இன்று போய்ப் பாருங்கள், ஓர் இடத்தில்கூட உரிந்திருக்காது. அவளும் அதை ஒத்துக்கொள்வாள். "நல்ல சரக்கு மொதலாளி. என் சம்பளம் அப்படியே ஒட்டிட்டு நிக்குது."

அந்தப் பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்று ஒரு தடவை பர்ஸை எடுத்தேன். இன்றைய விலைவாசியில் அது ஒன்றும் பெரிய தொகை இல்லை. அவள் இஸ்திரி போட்டே பத்துப் பதினைந்து நாளில் சம்பாதிப்பாள். பெட்டியை ஓங்கி மேசையில் வைத்தாள். அவள் அப்படி வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனாலும் அன்று எனக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள்.

"நீங்க சரக்குக் குடுத்தீங்க, காசு வாங்கினீங்க. உங்க கணக்கு நேர். 'நாளைக்குத் தரேன்'னு என் கண்ணைப் பாத்துச் சொன்னவரு ஒருத்தரு இருக்காரு. அவரு வரணும். இந்தக் கேட்டுக்கு முன்னாடி நின்னு, கண்ணைப் பாத்து, என் கையில எண்ணி வைக்கணும். அன்னிக்குச் சாவி."

அந்த ஒருவர், கமிட்டிக்குப் பொருளாளராக இருந்த அச்சகக்காரர். கமிட்டியில் இருந்த மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அல்லது மகன் வீட்டோடு போய்விட்டார்கள். கமிட்டியில் என்னைச் சேர்க்கவில்லை. படிப்பில்லாதவன் என்று விட்டுவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. அச்சகக்காரர் கெட்டவர் இல்லை. ஒரு காசு தின்றவர் இல்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி நாளில் "நாளைக்குத் தரேன்மா" என்றார். மறுநாள் புரட்ட முடியவில்லை. ஒரு வாரம் கழித்துப் போக வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அந்த வெட்கத்தை நினைத்து இன்னொரு வெட்கம். பணம் கைக்கு வந்த பிறகு இரண்டு தடவை ஆள் மூலம் கொடுத்து அனுப்பினார். "கொண்டாந்த கை வேற கை" என்று அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அதன் பிறகு அந்த மனிதர் பள்ளிக்கூடத்துத் தெருப் பக்கமே வருவதில்லை. வீட்டிலிருந்து அச்சகத்துக்கு நேராக நடந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரம். அவர் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போவார்.

எங்கள் பக்கத்தில் இஸ்திரிக் கடை என்றால் சாவியக்கா கடை ஒன்றுதான். அச்சகக்காரர் வீட்டில் மனைவி இறந்துபோனதிலிருந்து இஸ்திரி போட ஆள் இல்லை. ஆகவே பல வருடமாகக் கொடியிலிருந்து எடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு வருகிறார். கல்யாண வீடானாலும் அப்படித்தான். எல்லோரும் அவரைக் கசங்கல் என்றே சொல்லுகிறார்கள். தூரத்தில் அந்த உருவம் மார்க்கெட் பக்கம் திரும்புவதைப் பார்த்தால் சாவியக்கா பெருமூச்சு விடுவாள். பாக்கிக்காக இல்லை. "அந்த முதுகைப் பாருங்க மொதலாளி, பிழிஞ்சு போட்ட மாதிரி. எனக்குக் கை அரிக்குது."

இப்படி ஒரு மனிதர் தெருவைக் கடக்க மாட்டேன் என்கிறார், ஒரு பெண் சாவியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். இதற்கு நடுவில்தான் எங்கள் ஆட்கள் அந்தக் கட்டடத்தை என்ன செய்வது என்று கூட்டம் போட ஆரம்பித்தார்கள்.

எனக்கு அது கிடங்காக வேண்டும் என்று ஆசை. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நல்ல உயரம், அகலமான வாசல், லாரி உள்ளே திரும்பும். வாடகை ஒழுங்காகக் கொடுப்பேன். அந்த வாடகையில் தெருவிளக்கு போடலாம் என்றும் சொன்னேன். மருந்துக் கடைக்காரருக்கு அங்கே ரத்தப் பரிசோதனை நிலையம் வைக்க வேண்டும். அவர் படித்தவர். பேச எழுந்தால் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். "பொது சுகாதாரத்தை முன்னிட்டு" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பையன்கள் பூப்பந்து ஆட இடம் கேட்டார்கள். இடித்துவிட்டு வண்டி நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்லி அடிவாங்கப் பார்த்தார். என் மருமகளுக்கு, வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு காப்பகம் வேண்டும். அவள் இதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னிடமே சொன்னாள். "மாமா, உங்க கம்பிக்கு மேல கூரை இல்லேன்னா கம்பி அழுமா?" என்றாள். நான் சாப்பாட்டில் கவனமாக இருந்துவிட்டேன்.

கூட்டம் என்றால் எங்கே? கட்டடம் பூட்டியிருக்கிறது. ஆகவே கேட்டுக்கு முன்னால், தெருவில். உட்கார பெஞ்சு? அதற்கும் சாவியக்காதான். கேட்டைத் திறந்து ஒவ்வொரு பெஞ்சாக வெளியே தருவாள்; கூட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றாக உள்ளே வாங்கிப் பூட்டுவாள். திறந்த கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இந்தக் கேட்டை எப்படித் திறப்பது என்று நாங்கள் விவாதித்தோம். இதில் இருக்கிற வேடிக்கை யாருக்கும் தெரியவில்லை, அவளைத் தவிர.

"உள்ளே புகுந்து உக்காந்துக்கிட்டா என்ன பண்ணுவே?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நீ புள்ளையா இருந்தப்ப இந்த வாசல்லதான் மூக்கு ஒழுக நின்ன. துடைச்சு விட்டது யாரு? உள்ள போ பாப்போம்." பையன் பெஞ்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் யாரும் கசங்கின சட்டையோடு வருவார்களா? முதல் நாளே மேசை நிறைந்துவிடும். மருந்துக் கடைக்காரர் ஒன்று கொடுத்தால் நான் இரண்டு கொடுப்பேன், எதற்கும் இருக்கட்டும் என்று. விவாதம் சூடு பிடிக்கப் பிடிக்க அவளுக்கு வியாபாரம். "பேசுங்க, நல்லாப் பேசுங்க. முடிவு மட்டும் எடுத்துடாதீங்க" என்பாள். இரண்டு கட்சிக்கும் சட்டை தேய்த்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் சத்தம் போடும்போது பெட்டியைத் தட்டித் தட்டித் தாளம் வைப்பாள். யாராவது அளந்தால் 'டங்'. என் பேச்சுக்குத்தான் டங் அதிகம் என்று மருந்துக் கடைக்காரர் சொல்லித் திரிகிறார். பொறாமை.

கடைசிக் கூட்டத்தில் அது முற்றிவிட்டது. மருந்துக் கடைக்காரர் கண்ணாடியைத் துடைக்காமலே எழுந்தார். "ஒரு நாலு மாசச் சம்பளத்துக்காக இவ்வளவு பெரிய பொதுச் சொத்தை முடக்கி வைக்கறதா? வெல்டரைக் கூப்பிடுங்க. பூட்டை வெட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அன்று அவள் பெஞ்சுகளைக் கொடுத்துவிட்டுக் கேட்டை மறுபடி பூட்டியிருந்தாள். எதையோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும். கை தட்டினார்கள். என் பக்கத்து ஆட்களும் தட்டினார்கள். கிடங்கு வருகிறதோ ரத்தப் பரிசோதனை வருகிறதோ, முதலில் கேட் திறக்கட்டும் என்று எல்லோருக்கும் இருந்தது. வெல்டர் அறுக்கிற மெஷினோடு வந்துவிட்டார். தையல் கடையில் கரண்டு கேட்டார். நான் சாவியக்காவைப் பார்த்தேன். கத்துவாள், கேட்டுக்குக் குறுக்கே விழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு பாவாடையின் மடிப்பை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஒரே மடிப்பின்மேல் இரண்டு தடவை போனது. அவள் வேலையில் அப்படி நான் பார்த்ததில்லை.

"வெட்டுங்க வெட்டுங்க" என்றாள். "லாரி கட்டி இழுத்தாலும் வராதுன்னு மொதலாளி சொல்லிக் குடுத்த பூட்டு. நானும் பன்னெண்டு வருஷமா நம்பிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத் தெரிஞ்சு போயிடும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

யோசித்துப் பாருங்கள். பூட்டு அறுந்தால் கேட் திறக்கும். என் கிடங்குக்கு வழி பிறக்கும். ஆனால் நடுத்தெருவில், அத்தனை பேர் கண் முன்னால், என் கடைப் பூட்டு அறுந்து விழும். நாளைக்கு எவன் என்னிடம் பூட்டு வாங்குவான்? மெஷின் 'விர்' என்று சுற்ற ஆரம்பித்தது. நான் எழுந்து போய்ப் பூட்டை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"என் பூட்டு மேல ஒருத்தன் கை வைக்கக் கூடாது!"

தெருவே சிரித்தது. மருந்துக் கடைக்காரர், "ஐயா, நீங்க எந்தக் கட்சி?" என்றார். எனக்கே தெரியவில்லை. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "இந்தப் பூட்டுக்குச் சாவி இருக்கு. சாவி இருக்கிற பூட்டை அறுக்கிறவன் மடையன். அந்தக் கசங்கலை நான் கூட்டிட்டு வரேன். இதை விடப் பெரிய பாக்கியெல்லாம் நான் வசூல் பண்ணியிருக்கேன்" என்றேன். வெல்டரிடம், "மெஷினை அணை, டீ குடி, காசு நான் தரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் பின்னால் சாவியக்கா பெட்டியைத் தட்டினாள். இந்தத் தடவை 'டங்' எனக்கு இதமாகத்தான் கேட்டது.

அச்சகத்தில் கசங்கல் அழைப்பிதழ் அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பூட்டு அறுக்கிறார்கள் என்றதும் முகம் வாடிவிட்டது. "அந்தம்மா சாவி கழுத்துல இருக்கிற வரைக்கும் என்னிக்காவது ஒரு நாள் போயிடலாம்னு நினைச்சிருந்தேன். அறுத்துட்டா அப்புறம் எதைச் சொல்லிப் போறது?" என்றார். கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்தார். நான் என் பர்ஸைத் தொட்டேன். "வேண்டாம், இது என்னோட நாளைக்கு" என்று சொல்லிவிட்டார். வாசல் வரை வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"என்னய்யா?"

குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். வாங்கின நாளிலிருந்து இஸ்திரிப் பெட்டி காணாத சட்டை. மார்பில் மை வேறு. "இதோட அந்தம்மா முன்னாடி எப்படிப் போய் நிக்கறது?"

ஒரு நிமிடம் எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. நான் வாழ்க்கையில் எழுந்து வந்த நாளிலிருந்து கசங்கின சட்டையோடு கடன் கொடுத்தவன் எவன் முன்னாலும் நின்றதில்லை. ஆகவே பொத்தானைக் கழற்றினேன். காலையில்தான் தேய்த்து வாங்கின வெள்ளைச் சட்டை. அதை அவருக்குக் கொடுத்து, அவருடையதை நான் வாங்கி மாட்டினேன். அவர் ஒல்லி, நான் சாப்பிட்டு வளர்ந்தவன். என் சட்டை அவர் மேல் சன்னல் திரை மாதிரித் தொங்கியது. அவர் சட்டை என் மேல் முதல் பொத்தானுக்குப் பிறகு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியே நடந்தோம். மார்க்கெட்டைச் சுற்றி இல்லை, நேர்த் தெருவில். என்னை மாதிரி ஒருவன் வயிற்றைக் காட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

திரும்பி வந்தபோது எங்களை யாரும் கவனிக்கவில்லை. பெஞ்சுகளில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் என் மருமகள் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் போன நேரத்தில், கேட் திறக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டதால், திறந்தால் யாருக்கு என்று வாக்கெடுப்பு வைத்துவிட்டாள். காப்பகத்துக்கு வீட்டுக்கு ஒரு கை. தையல் கடைக்காரி இரண்டு கையும் தூக்கியிருந்தாள். ஒன்றைத்தான் எண்ண முடியும் என்று பக்கத்தில் யாரோ இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெல்டர்கூட டீ டம்ளரோடு ஒரு கையைத் தூக்கியிருந்தார். என் மகனும்! என்னைப் பார்த்ததும் இறக்கப் பார்த்தான். மருமகள் ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி மேலே போய்விட்டது.

"மாமா, நீங்க இல்லாதப்ப..." என்று ஆரம்பித்தவள் என் சட்டையைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

"சரி சரி. சன்னல் கம்பி என் கடையில வாங்கு" என்றேன். எதிராளி இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடிப்பது நான் இத்தனை வருட வியாபாரத்தில் செய்தது. அதை அவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடத்திலேயே பிடித்துக்கொண்டாள். மருந்துக் கடைக்காரர் பக்கம் திரும்பினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சாவியக்கா நிமிர்ந்தாள். அவள் பார்த்தது ஆளை இல்லை, சட்டையை.

"மொதலாளி சட்டைக்குள்ள யாரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கசங்கல் என் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். நான் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டேன். என் வயிறு மறைக்காமல் இருப்பதே கஷ்டம், ஆனாலும் நகர்ந்தேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். வேலை நடுவில் அவள் அதை அணைத்து யாரும் பார்த்ததில்லை. பாதி மடித்த பாவாடையைத் தள்ளி வைத்தாள். கழுத்துக் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். முடியில் மாட்டிக்கொண்டது, தானே விடுவித்துக்கொண்டாள். சாவியைத் தலைமையாசிரியர் மேசையின் நடுவில் வைத்தாள். என் மருமகள் அதைப் பார்த்தாள், ஆனால் தொடவில்லை. அந்த மட்டும் பெண்ணுக்கு முறை தெரியும்.

சாவியக்கா உள்ளங்கையைத் துணியில் துடைத்துவிட்டு நீட்டினாள். சூடு பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட கை.

கசங்கல் தரையைப் பார்த்துக்கொண்டு பணத்தை நீட்டினார்.

"மூஞ்சி மேல இருக்கு சார்" என்றாள். "கீழ செருப்புதான் இருக்கு."

அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது என்று சொல்லலாம்; வெயில் என்றும் சொல்லலாம். "நாளைக்குத் தரேன்னு சொன்னேன்மா."

"சொன்னீங்க."

"வட்டி போட்டு..."

"நான் என்ன பேங்கா? எண்ணுங்க. வாயால எண்ணுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

எண்ணினார். ஒரு மாதம் முடிந்ததும் அவள் "ம்" என்பாள். அடுத்த மாதம் ஆரம்பிக்கும். முதல் மாதத்தில் குரல் வெளியே வரவில்லை. இரண்டாம் மாதத்தில் முன் வரிசைக்குக் கேட்டது. மூன்றாம் மாதத்தில், "இது பெயிண்டு அடிச்ச மாசம். தலையெல்லாம் நீலமாத் திரிஞ்சேன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசாமல் இருந்தது அன்றுதான்.

நான்காம் மாதத்தின் கடைசி நோட்டு வந்தது. அவர் கொண்டுவந்த நோட்டுகளில் அதுதான் ஆகக் கசங்கினது, நான்கு மூலையும் சுருண்டு. அவள் விரல் நுனி தன்னால் அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் கையை இழுக்கவில்லை, விரித்தபடியே வைத்திருந்தாள். கசங்கல் அந்த நோட்டை மேசை விரிப்பின் மேல் வைத்தார். கட்டை விரலால் ஒரு மூலையை நீவினார். பிறகு அடுத்த மூலை. நான்கும் படிந்ததும் எடுத்து, அவள் திறந்த கையில் வைத்தார்.